ஒப்புக்கொண்டார் என்று எழுதியவள்

போன மாதம் கவிதா என் போனுக்கு ஒரு பக்கம் அனுப்பியிருந்தாள். மரக்காணம் உப்புக் கம்பெனி அலுவலகத்தில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். இப்போதெல்லாம் கூட்டம் நடக்கும்போது மேசை நடுவில் ஒரு போனை வைத்துவிடுகிறார்களாம். பேசுவதையெல்லாம் அது கேட்டுக்கொண்டு, கூட்டம் முடிந்த ஐந்தாவது நிமிடம் நடவடிக்கைக் குறிப்பை அதுவே எழுதித் தந்துவிடுகிறதாம். ‘எவ்ளோ ஈசியா போச்சு பாருங்க மேடம். உங்க காலத்துல இது இருந்திருந்தா உங்களுக்குக் கைவலியே வந்திருக்காது’ என்று கீழே எழுதி, சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஏழு விஷயம் பேசியிருக்கிறார்கள். ஏழுக்கும் கீழே ஒரே வரி: ‘அனைவரும் ஒப்புக்கொண்டனர்.’ எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ, அடுப்பில் பால் இருப்பதையும் மறந்து அவளுக்குப் போன் போட்டேன்.

“ஏம்மா, அனைவரும்னா யாரு? யாரு ஒத்துக்கிட்டது?”

“எல்லாரும்தான் மேடம். எல்லாரும் சரின்னாங்க.”

“சரின்னா ஒத்துக்கிட்டதா அர்த்தமா?”

“பின்ன இன்னா மேடம் அர்த்தம்?”

பின்ன இன்னா அர்த்தம் என்பதைப் போனில் சொல்லி முடியாது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, பொங்கி வழிந்த பாலைத் துடைத்தேன். இதைக் கவிதாவுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் டைப்பிங் லோயர் மட்டும் முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தவள். அப்போதிருந்த தலைமை எழுத்தர் எனக்கு ஒரு மாதம் வேலை சொல்லிக்கொடுத்தார். கூட்டக் குறிப்பேட்டில் நான்கு கட்டம்: விஷயம், பேசியவர், பேசியது, முடிவு. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. முக்கியமாக, முடிவு என்ற கட்டம். கடைசி நாளில் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “நீ அங்க எழுதத்தான் போற. கூட்டம் முடியற வரைக்கும் உனக்கு வாய் கிடையாது, தெரியுதா?” என்றார். தெரிந்தது. என் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும், மாமியாரே பயந்திருக்கிறார். ஆனால் அந்த அறைக்குள் போய்விட்டால் நான் ஊமை. இருபது வருஷத்துக்கு மேல் அப்படி இருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. என் குறிப்பை ஒரு மேனேஜரும் திருத்தியது கிடையாது.

சண்முகம் சார் எனக்கு நான்காவது மேனேஜர். சேலம் பக்கத்துக்காரர். நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே வந்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் முகம் தெரிகிற மாதிரி வைப்பார். பேனாவின் மூடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மேஸ்திரிகளையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவரிடம் ஒரே ஒரு குறை. யாராவது பேசாமல் இருந்தால் அவருக்குத் தாங்காது. ஒரு விஷயத்தைச் சொல்லுவார், சுற்றிப் பார்ப்பார், இரண்டு நொடிகூட ஆகியிருக்காது, “அப்ப டன்!” என்பார். பேனா மூடியால் மேசையில் ஒரு தட்டு. எல்லாரும் “சரிங்க” என்பார்கள். அடுத்த விஷயம். பதினோரு மணிக்குள் கூட்டம் முடிந்து, பதினொன்று ஐந்துக்கு எல்லாருக்கும் டீ வந்துவிடும். இதற்கு முன்னால் இருந்த மேனேஜர்களிடம் மத்தியானம் சாப்பாடு ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்த எங்களுக்கு இவர் தெய்வமாகத் தெரிந்தார்.

எங்கள் பக்கத்து ‘சரிங்க’வைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் சொல்லவில்லை.

பெரியவர்கள் ஒன்று சொன்னால் எங்கள் ஊரில் சரிங்க என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக இல்லை என்பது மரியாதைக் குறைவு. சரிங்க என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். பார்க்கலாம் என்று அர்த்தம். சில சமயம், உன்னிடம் பேசிப் பிரயோஜனமில்லை, ஆளை விடு என்றும் அர்த்தம். சம்மதம் என்கிற அர்த்தமும் உண்டுதான். அப்போது அதோடு இன்னும் நாலு வார்த்தை சேர்ந்து வரும்: “சரிங்க, வந்துடறோங்க, பசங்களையும் கூட்டியாறேங்க.” தனியாக, குரல் இறங்கி, கண் கீழே போய் வருகிற சரிங்க வேறு. சந்தைக்குப் போய் வந்த எவருக்கும் இது தெரியும்.

லூர்து அக்கா அன்றைக்குச் சொன்னது அந்தச் சரிங்கதான்.

லூர்து அக்கா இருபது பெண்களுக்கு மேஸ்திரி. எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அந்த அலுவலக அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் மேஸ்திரியும் அவர்தான். அவருடைய கோஷ்டியில் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போலக் கிறிஸ்தவர்கள், ஊர்ப் பேச்சில் வேதக்காரர்கள். அந்த வருஷம் ஐப்பசியில் வாரிக் குவித்த ஐந்து உப்பு அம்பாரங்கள் மூடாமல் நின்றன. பழைய ஓலையெல்லாம் காற்றில் பிய்ந்து போயிருந்தது. புதன்கிழமை மதியத்துக்கு மேல் பலத்த மழை என்று அறிவிப்பு வந்துவிட்டது. சார் சனிக்கிழமையே தார்ப்பாய்க்கு ஏற்பாடு செய்திருந்தார். புதுச்சேரியிலிருந்து வண்டி செவ்வாய் சாயங்காலம்தான் வரும்.

“அதனால புதன்கிழமை காலையில ஏழு மணிக்கு மொத்தக் கோஷ்டியும் வந்துடணும். பன்னண்டு மணிக்குள்ள அஞ்சு அம்பாரத்தையும் மூடிடலாம். என்ன லூர்தம்மா?”

லூர்து அக்கா முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை வாயைத் திறந்து மூடினார். அவருக்கு எதிரேதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

“அப்ப டன்!”

“சரிங்க” என்றார் அக்கா, மேசையைப் பார்த்து.

அந்தப் புதன்கிழமை நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். காலையில் சர்ச்சில் பூசை முடிந்து சாமியார் கல்லறைக் கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அன்றைக்கு எங்கள் ஜனம் செத்தவர்களோடு இருக்கும். வேறெங்கும் போகாது. அதிலும் லூர்து அக்காவின் மூத்த மகன் பைக் விபத்தில் போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவனுக்கு அது முதல் கல்லறைத் திருநாள். இது எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதற்கு எழுத்து மூலமான சாட்சியும் இருந்தது: இறந்துபோன என் வீட்டுக்காரரின் கல்லறைக்குப் போவதற்காக நானே அந்தக் காலைக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று போட்டிருந்தேன். சாரும் சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பேனா என் கையில் இருந்தது. முடிவு என்ற கட்டம் காலியாக இருந்தது. ‘புதன் காலை 7 மணிக்குக் கோஷ்டியுடன் வர லூர்து மேரி ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினேன். கை கூசவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

புதன்கிழமை காலையில் வீட்டுக்காரர் கல்லறையில் பூவைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தால், நாலு கல்லறை தள்ளி லூர்து அக்கா மண்டி போட்டுக்கொண்டிருக்கிறார். கிழக்கேயிருந்து காற்று. மெழுகுவர்த்தியை ஏற்ற ஏற்ற அணைந்துகொண்டிருந்தது. கையால் மறைத்து மறைத்து ஏற்றுகிறார். அவருடைய கோஷ்டிப் பெண்கள் அங்கங்கே தெரிந்தார்கள். மணி எட்டரை. குறிப்பேட்டின்படி அத்தனை பேரும் அப்போது உப்பளத்தில் இருக்க வேண்டும். அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் என்று சொன்ன மழை ஒன்பது மணிக்கே தூற ஆரம்பித்தது. முதல் சொட்டு விழுந்ததும் லூர்து அக்கா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். “ஏய் பொண்ணுங்களா, வாங்கடி! உப்பு போவுது!” என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், மந்திரித்துக்கொண்டிருந்த சாமியாரே திரும்பிப் பார்த்தார். எல்லாரும் நல்ல புடவை கட்டியிருந்தார்கள். அதை அப்படியே தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, போன ஒரு மினி வேனை மறித்து ஏறினார்கள். நானும் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால் தெரியாது. வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

உப்பளத்தில் சண்முகம் சார் வாட்ச்மேனையும் லாரி டிரைவரையும் வைத்துக்கொண்டு தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பேன்ட் முட்டிவரை சேறு. மூன்று பேருமாக ஒரு அம்பாரத்தை மூடியிருந்தார்கள். பெண்கள் நேராகப் போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். நானும் ஒரு நுனியைப் பிடித்தேன். இன்னும் இரண்டை மூடுவதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. மிச்சம் இரண்டு அம்பாரமும் எங்கள் கண் எதிரே சரிந்து சரிந்து தண்ணீராகப் போயின. அதை நாலு மாதம் வெயிலில் நின்று வாரியவர்களும் அந்தப் பெண்கள்தான். ஒருத்தி வாய்விட்டு அழுதாள்.

அப்போதுதான் முதல் தடவையாக சார் குரல் உயர்ந்தது. “லூர்தம்மா, ஒத்துக்கிட்டு இப்படிக் கழுத்தறுத்துட்டீங்களே!”

லூர்து அக்கா நனைந்த முகத்தோடு அவரைப் பார்த்தார். பொய்யோ சாமர்த்தியமோ அந்த முகத்தில் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “நான் எங்க சார் ஒத்துக்கிட்டேன்? சரின்னுதானே சொன்னேன்.”

நான் எழுதி வைத்திருப்பது எனக்குத்தானே தெரியும்.

தலைமை அலுவலகத்தில் சும்மா விடவில்லை. நடந்ததை எழுதச் சொன்னார்கள், குறிப்பேட்டின் நகலைக் கேட்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்துவிட்டார். அவருடைய ஃபைலில் லூர்து அக்காவை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் தட்டச்சாகி, தேதி மட்டும் போடாமல் இருந்தது. நான்தான் அவருக்கு ஃபைலைப் பிரித்து வைத்தேன், அதனால் பார்த்தேன். மகன் போன வீட்டில் மருமகளும் இரண்டு பேரப் பிள்ளைகளும் அந்த ஒரு சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறையில் நாலு பேர். அதிகாரி, சண்முகம் சார், லூர்து அக்கா, குறிப்பெழுத நான்.

“லூர்து மேரி, திங்கட்கிழமை மீட்டிங்ல, புதன்கிழமை ஏழு மணிக்கு வர்றதா அக்ரீ பண்ணீங்களா?”

“சரின்னேங்க.”

“அப்ப அக்ரீ பண்ணீங்க.”

“இல்லீங்க.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “சரின்னு சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேங்க.”

“சரின்னா யெஸ்தானே?”

“பெரியவங்க சொல்றப்ப சரின்னுதானேங்க சொல்லணும்?”

அவருக்குப் பொறுமை போய்விட்டது. குறிப்பேட்டை அக்கா பக்கம் திருப்பி, என் கையெழுத்தை விரலால் தட்டினார். “இங்க க்ளியரா எழுதியிருக்கு. ஒப்புக்கொண்டார்.” அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். குனிந்து மெதுவாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது, இதை நீயா எழுதின என்கிற பார்வை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “எழுதிக்கங்க மேடம். சம்மதம் தெரிவித்ததை விசாரணையில் ஏற்றுக்கொண்டார்.”

“அது எழுத முடியாது சார்” என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் நான் பேசிய முதல் வாக்கியம் அது.

“மேடம், நீங்க மினிட்ஸ் எழுத மட்டும்தான் இங்க இருக்கீங்க.”

“போன தடவை எழுதினதே தப்பு சார். இதையும் எழுதினா ரெண்டு தப்பாயிடும்.” பேசுவதை நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரிந்தது, அதனால் நிறுத்தவில்லை. “அவங்க சரிங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க. ஒப்புக்கொண்டார்ங்கறது என் வார்த்தை. கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு நான் போட்டது. அவங்க வர மாட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும் சார்.”

“எப்படித் தெரியும்?”

லீவு ஃபைலை எடுத்து என் சீட்டை அவர் முன்னால் வைத்தேன். “அன்னிக்குக் கல்லறைத் திருநாளு. புதன்கிழமை காலையில நானும் அங்கதான் இருந்தேன். அவங்க பையன் கல்லறைக்கு நாலு கல்லறை தள்ளி.”

சீட்டைச் சண்முகம் சார்தான் எடுத்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். ‘சொந்த வேலை’ என்பதை வாய்க்குள் படித்தார். பிறகு லூர்து அக்காவைப் பார்த்து, “பையன் அடக்கத்துக்கு நானும்தானேம்மா வந்தேன். மாலை போட்டேனே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கோஷ்டியைப் பத்து மணிக்கு வரச்சொல்லிட்டு, காலையில லாரி ஷெட் ஆளுங்களை வச்சு ஆரம்பிச்சிருப்பேனே” என்றார்.

“புள்ள கல்லறைக்குப் போவணும்னு அத்தினி ஆம்பளைங்க எதிர்ல சொல்லிட்டு நான் அழுவணுமா சார்? வெளிய வந்து சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஜீப்புல ஏறிட்டீங்க.”

பேசாமல் இருந்தால் தாங்காத மனிதர் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அதிகாரியிடம், “சார், டன்னான்னு நான் கேக்கறதில்ல, டன்னுன்னு சொல்லிடறேன். இல்லைன்னு சொல்ல யாருக்கும் இடமே விடல. மேடம், அதையும் எழுதிக்கங்க” என்றார். எழுதினேன். எழுத்து எனக்கு மங்கலாகத் தெரிந்தது.

அதிகாரி கடிதத்தை ஃபைலுக்குள் திருப்பி வைத்துக்கொண்டார். லூர்து அக்காவின் மேஸ்திரி வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. குறிப்பெழுதுவதில் கவனக்குறைவு என்று எனக்கு ஒரு மெமோ வந்தது. என் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் ஒரே மெமோ. நியாயமான மெமோ.

அன்று சாயங்காலம் கம்பெனி கேட் அருகே லூர்து அக்கா எனக்காகக் காத்திருந்தார். உண்மையைச் சொல்வதென்றால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவள் இல்லையா!

“நல்லா பேசுன ஆரோக்கியம்” என்றார். “நீ பேசலன்னா எம் பொழப்பு நாறியிருக்கும். இல்லைன்னு சொல்லல.”

“பரவால்லக்கா.”

“இன்னா பரவால்ல? அன்னிக்கு மீட்டிங்ல நீ எங்க இருந்த? எதிர்லதானே உக்காந்திருந்த? எனக்குத்தான் தொண்டை அடைச்சுக்கிச்சு. உனக்கு இன்னா அடைச்சுது? படிச்சவ. ‘சார், அன்னிக்குக் கல்லறைத் திருநாளு’ன்னு சொல்ல எத்தினி நேரம் ஆவும்? நானாச்சும் சரின்னு ஒரு வார்த்தை சொன்னேன். நீ அதுகூட சொல்லல.”

பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார். அதே பஸ்ஸில்தான் நானும் போக வேண்டும். ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எனக்கு வாய் கிடையாது என்று யாரோ எப்போதோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அடக்கம் இல்லை. அது எனக்கு சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். எழுதுகிறவளுக்குப் பொறுப்பு இல்லை, பேசுகிறவர்களுக்குத்தான் பொறுப்பு என்று இருபது வருஷம் நிம்மதியாகச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போல் கூட்டம். எனக்கு உள்ளே போகவே கால் வரவில்லை. முதல் இரண்டு விஷயம் ஓடிப்போனது. மூன்றாவது, மழையில் உடைந்த வரப்பு.

“வெள்ளிக்கிழமை காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சிடலாம்” என்றார் சார். “என்ன லூர்தம்மா?” சொல்லிவிட்டு, பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“சரிங்க” என்றார் லூர்து அக்கா, மேசையைப் பார்த்து.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். “அக்கா, இது எந்தச் சரி?”

அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லூர்து அக்கா தலையைத் தூக்கினார். முதலில் என்னை முறைத்தார். பிறகு, மகன் போனதிலிருந்து நான் பார்க்காத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

“முடியாதுங்கற சரி” என்றார். “ஆறரைக்குத்தான் எங்க ஊருக்குப் பஸ்ஸே வருது. எழுதிக்க.”

முடிவு என்ற கட்டத்தில், ‘முடியாது என்றார்’ என்று எழுதினேன்.